பாம்பா? நாயா? தவளையா?

கிரகணம் என்று பஞ்சாங்கத்தில் அச்சேறிவிட்டால் போதும், நம் ஜனங்களுக்கு மூளை இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்து கொள்ளுகிறது. தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை, ஊறுகாய் ஜாடியில் தர்ப்பை, மாவுப் பாத்திரத்தில் தர்ப்பை. கோயிலுக்குப் பூட்டு. கர்ப்பமான பெண்ணுக்கு இருட்டறை. ஏன் ஐயா இந்தப் பாடு என்று கேட்டால், "இராகு சந்திரனை விழுங்குகிறான், பெரியவர்கள் சொன்னது" என்கிறார்கள். எந்தப் பெரியவர், எங்கே நின்று பார்த்துச் சொன்னார் என்று கேட்டாலோ கோபம் வந்துவிடுகிறது. படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "இதெல்லாம் நம் ரிஷிகள் ஞானதிருஷ்டியால் கண்டறிந்த விஞ்ஞானம், மற்ற நாட்டாருக்கு இது தெரியாது" என்று கையில் இருக்கும் தொலைபேசியில் தட்டித் தட்டி ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள்.

மற்ற நாட்டாருக்குத் தெரியாது என்கிறார்களே, அதைத்தான் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

நாம் இருக்கும் மண்டபத்தூர் காரைக்காலுக்கு வடக்கே வங்கக் கடலோரத்தில் உள்ள மீனவர் கிராமம். இந்தக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அக்கரையில் சயாம் என்கிற தாய்லாந்து இருக்கிறது. தென்கிழக்கில் சுமத்திரா, ஜாவா, பாலித் தீவு. அதற்கும் அப்பால் பிலிப்பைன்ஸ், சீனா, கொரியா, ஜப்பான். இந்த நாடுகளில் எல்லாம் சந்திரன் உண்டு. ஆகவே கிரகணமும் உண்டு. கிரகணம் இருக்கும் இடத்தில் கதையும் இருந்துதானே ஆகவேண்டும்?

பாலித் தீவாரிடம் கேட்டால், "காலராவு என்ற அசுரன் தேவர்களின் அமுதத்தைத் திருடிக் குடித்தான், விஷ்ணு அவன் கழுத்தை அறுத்தார், தலை மாத்திரம் உயிரோடு இருந்து சந்திரனை விழுங்குகிறது" என்பார்கள். நம் ஊர்க் கதையேதான். தாய்லாந்துக்காரர் அதே ஆசாமியை 'பிரா ராகு' என்று மரியாதையாக அழைத்து, நாகோன் பாத்தோம் மாகாணத்தில் கோயிலில் வைத்து, கறுப்பான பண்டங்களாக எட்டு எடுத்துப் படைக்கிறார்கள்: கருங்கோழி, கறுப்புத் திராட்சை, கறுப்புக் காப்பி. பாற்கடல் கடைந்த காலத்தில் காப்பிக் கொட்டை ஏது, அசுரனுக்கு அந்தப் பழக்கம் எப்போது பிடித்தது என்று அங்கேயும் யாரும் கேட்பதில்லை போலும்!

சீனாவுக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே விழுங்குவது பாம்பும் அல்ல, அசுரனும் அல்ல, வானத்து நாய். நாயை விரட்டத் தமுக்கும் தாம்பாளமும் தட்டினார்கள். கொரியாவிலும் நாய்தான், ஆனால் நெருப்பு நாய். இருட்டு தேசத்து ராஜா அதைச் சூரியனைத் திருடி வா என்று அனுப்ப, கவ்விப் பார்த்துச் சுட்டதால் துப்பிவிட்டதாம். சந்திரனைக் கவ்விப் பார்த்துக் குளிர்ந்ததால் அதையும் துப்பிவிட்டதாம். லாவோஸ் நாட்டிலும் தாய்லாந்தின் வடபகுதியிலும் கிரகணத்துக்குப் பெயரே 'தவளை நிலாவைத் தின்கிறது' என்பதுதான். பிலிப்பைன்ஸின் விசயத் தீவுகளில் பக்குனாவா என்ற கடற்பாம்பு. ஆதியில் ஏழு சந்திரன் இருந்தனவாம்; ஆறைத் தின்றுவிட்டு ஏழாவதுக்கு வரும்போது ஜனங்கள் சட்டி பானையைத் தட்டி விரட்டினார்களாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 2025-ம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி இரவு ஒரு முழுச் சந்திர கிரகணம் நடந்தது. ஒரே சந்திரன், ஒரே இரவு, இந்தியாவிலும் பார்க்கலாம், தாய்லாந்திலும் பார்க்கலாம், சீனாவிலும் பார்க்கலாம். அந்த ஒரு சந்திரனை அன்றைக்கு விழுங்கியது பாம்பா? நாயா? தவளையா? எல்லாம் சேர்ந்து பங்கு போட்டுக்கொண்டனவா? நம்முடைய கதைதான் மெய், சீனன் கதை பொய் என்றால், அதையேதான் சீனனும் சொல்லுவான். இரண்டு பேருக்கும் நடுவில் நியாயம் தீர்க்கக் கூடியது சந்திரன் ஒன்றுதான். சந்திரன் சொல்லும் சாட்சியமோ இருவருக்கும் விரோதமாக இருக்கிறது.

அந்தச் சாட்சியம் என்னவென்றால், பௌர்ணமியன்று சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவில் பூமி வந்து, அதன் நிழல் சந்திரன் மேல் விழுகிறது. அவ்வளவுதான். நிழலின் ஓரம் எப்போதும் வளைவாகவே தெரியும். நாய் கடித்திருந்தால் பல் பதிந்திருக்கும். எல்லாப் பௌர்ணமியிலும் ஏன் வருவதில்லை என்றால், சந்திரன் சுற்றும் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. ஆகவே பல தடவை நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிப் போய்விடுகிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களின் பக்கத்தில் பௌர்ணமி நேர்ந்தால்தான் கிரகணம். வானநூலில் கணக்குப் போடுகிறவன் அந்த இரண்டு வெட்டுப் புள்ளிகளுக்கு வைத்திருக்கும் பெயர்தான் இராகு, கேது. உடம்பு கிடையாது, எடை கிடையாது, கல்லும் மண்ணும் கூடக் கிடையாது. வெறும் கணக்குப் புள்ளி. அந்தப் புள்ளிக்கு வாய் வைத்தவன் புரோகிதன். வாய் வைத்தால்தானே அதற்குச் சோறு போடச் சொல்லலாம்?

இது ஏதோ நேற்று வெள்ளைக்காரன் வந்து சொன்ன சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். ஆரியபட்டர் என்ற கணிதர் கி.பி. 499-லேயே பூமியின் நிழல்தான் சந்திரனை மறைக்கிறது என்று எழுதி வைத்துவிட்டார். பின்னால் 628-ல் நூல் செய்த பிரமகுப்தர் கிரகணத்தை அதே நிழல் கணக்கால் கணித்துக்கொண்டே, "இராகு இல்லை என்று சொல்லலாமா? அது வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதமல்லவா?" என்று ஆரியபட்டர் முதலானவர்களைக் கண்டித்தார். இதைப் படித்த அல்பிரூனி என்ற அறிஞர், சுமார் 1030-ல் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், உண்மை தெரிந்த மனிதர் இப்படி எழுதியிருக்கிறாரே என்று வியந்து, வைதிகர்களுக்குப் பயந்து எழுதியிருக்க வேண்டும் என்று காரணமும் காட்டினார். ஆயிரம் வருஷத்துக்கு முன் வெளிநாட்டான் ஒருவனுக்குப் புரிந்த சூட்சுமம், பஞ்சாங்கத்தைக் காசு கொடுத்து வாங்கும் நமக்கு இன்றும் புரியவில்லை என்றால் வெட்கமல்லவா?

பஞ்சாங்கத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். அடுத்த வருஷம் இன்ன தேதி, இத்தனை மணி, இத்தனை நிமிஷத்துக்குக் கிரகணம் ஆரம்பம், இத்தனைக்கு முடிவு என்று அதில் போட்டிருக்கிறது. உலகத்தில் எந்தப் பாம்பாவது எந்த வருஷம், எந்த நிமிஷம், எவ்வளவு ஆழம் கடிக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்துக் கடிக்குமா? கணக்குக்குக் கட்டுப்பட்டது பாம்பாக இருக்க முடியாது. இது பஞ்சாங்கம் எழுதுகிறவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் கணக்குப் போடும்போது நிழலை நம்புகிறான். நம்மிடம் விற்கும்போது பாம்பைக் காட்டுகிறான்.

சயாம் தேசத்தில் மோங்குட் என்று ஓர் அரசர் இருந்தார். 1868-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி தம் நாட்டில் முழுச் சூரிய கிரகணம் தெரியும் என்று தாமே கணக்கிட்டு, வா கோ என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் பரிவாரங்களோடும் வெளிநாட்டு விருந்தினரோடும் போய்ப் பார்த்தார். இராகுவுக்குக் கோயில் கட்டும் நாட்டில், அரசனே கூடாரம் அடித்து, தன் கணக்கை உலகத்தார் முன்னிலையில் பரீட்சைக்கு வைத்தான்; கணக்கு ஜெயித்தது. ஆனால் அந்தக் காட்டோரத்தில் அவருக்கு மலேரியாக் காய்ச்சல் பிடித்து, அக்டோபர் 1-ந் தேதி இறந்து போனார். "பார்த்தீர்களா, இராகுவைப் பழித்ததன் பலன்!" என்று நம்மவர்கள் இதைக்கூடச் சாட்சிக்கு இழுப்பார்கள். அதே கிரகணத்தை அதே நாளில் நம் குண்டூரில் இருந்து பிரெஞ்சு வானநூலார் ழான்சென் பார்த்தார். சூரியனில் ஹீலியம் என்ற வாயு இருப்பதற்கு முதல் அடையாளம் அகப்பட்டது அந்தக் கிரகணத்தில்தான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தொன்பது வருஷம் உயிரோடு இருந்து 1907-ல் காலமானார். கொன்றது கொசு, பழி இராகுவுக்கு.

நிற்க. கதை எப்படிப் போனாலும் நமக்கென்ன, பாட்டிமார் சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்கலாம். கதையோடு நின்றால் நமக்கும் ஆட்சேபம் இல்லை. தவளை நிலாவைத் தின்றது என்று குழந்தைக்குச் சொல்லிச் சோறூட்டினால் நாமும் கேட்டுச் சிரிப்போம். கதையின் கை பெண்ணின் கழுத்துக்குப் போகும்போதுதான் நமக்குப் பேச வேண்டியிருக்கிறது.

உதடு பிளந்து பிறக்கும் குழந்தைக்கு நம் தமிழில் வைத்திருக்கும் பெயர் 'கிரகண மூளி'. இந்தப் பெயரைக் காட்டிலும் கொடிய அவதூறு நம் பாஷையில் குறைவு. ஏனென்றால் அது குழந்தையின் பெயர் அல்ல. தாயின் பேரில் எழுதிய குற்றப்பத்திரிகை. "கிரகணத்தில் வெளியே வந்தாயே, கத்தியைத் தொட்டாயே, காய் நறுக்கினாயே, அதனால்தான் என் பேரன் மூளியாகப் பிறந்தான்" என்று மாமியார் சொல்ல, புருஷன் வாய்மூடி நிற்க, பெற்று மூன்று நாளாகாத பெண் தலைகுனிந்து அழுததை நம் கரையோரக் கிராமங்களில் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்.

சீனாவிலும் உதடு பிளந்த குழந்தைகள் பிறக்கின்றன. அங்கே கர்ப்பமான பெண் முயல் கறி தின்றாள் என்று பழி. முயலின் மேலுதடு பிளந்திருப்பதைக் கண்டு கட்டிய கதை. அந்தச் சீனத்துத் தாய் கிரகணத்தில் தாராளமாகக் காய் நறுக்கியிருப்பாள். நம் ஊர்த் தாய் முயலைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டாள். காரணம் வேறு வேறு, குற்றவாளி மாத்திரம் இரண்டு இடத்திலும் ஒருத்தியே! தகப்பன் எதைத் தின்றான், எங்கே போனான் என்று எந்தத் தேசத்துக் கதையிலாவது கேட்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. கிரகணத்தின்போது கர்ப்பிணி ஊசியைத் தொடக்கூடாது, ஊக்குகூட ஆகாது என்பது நம் நாட்டுச் சட்டம். தாய்லாந்திலோ, கிரகணத்தின்போது கர்ப்பிணி கட்டாயம் வயிற்றுப் பக்கத்துத் துணியில் ஒரு ஊக்குக் குத்திக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அதே இராகு, அதே ஊக்கு. இங்கே தொட்டால் பிள்ளைக்குக் கேடு. அங்கே தொடாவிட்டால் கேடு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பாங்காக்கில் இறங்குவதற்குள் இராகுவின் சட்டப் புத்தகம் தலைகீழாகிவிட்டதா?

உண்மை என்னவென்று வைத்தியரிடம் கேட்போம். கர்ப்பத்தில் குழந்தையின் மேலுதடு, இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் ஒட்டுகிறது. இந்த ஒட்டு வேலை கர்ப்பத்தின் ஏழாவது வாரத்துக்குள் முடிந்துவிடும்; மேலண்ணம் ஒன்பதாவது வார அளவில் மூடும். சில குழந்தைகளுக்கு இது முழுதும் ஒட்டுவதில்லை. பரம்பரைக் கூறு, தாய்க்கு ஃபோலிக் சத்துக் குறைவு, சர்க்கரை நோய், புகை, சிலவகை மருந்துகள் என்று காரணங்கள் பல. பல சமயம் இன்னதென்று பிரித்துச் சொல்லவும் முடியாது. உலகத்தில் சுமார் 700 குழந்தைக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. கிரகணம் உள்ள வருஷமும் பிறக்கிறது, இல்லாத வருஷமும் பிறக்கிறது.

இந்த ஏழு வாரத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஏழு வாரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே சரியாகத் தெரிந்திருக்காது. வயிறு தெரிந்து, ஊர் அறிந்து, மாமியார் அறையில் போட்டுப் பூட்டுவது ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம். அதற்குள் உள்ளே இருக்கும் குழந்தையின் உதடு ஒட்ட வேண்டியது ஒட்டி மாதங்கள் ஆகிவிட்டன! ஒட்டின உதட்டை இராகு வந்து பிளக்கப் போவதில்லை. ஒட்டாத உதட்டை இருட்டறை ஒட்ட வைக்கப் போவதுமில்லை. வேலை முடிந்த வீட்டுக்குக் காவல் போடுகிறார்கள். காவல் காப்பவனுக்குப் பெயர் சாஸ்திரம்.

அந்தக் காவலின் விலை என்ன? 2025 செப்டம்பர் 7 இரவு 9 மணி 57 நிமிஷத்துக்கு நிழல் தொட்டது. நள்ளிரவு தாண்டி 1 மணி 26 நிமிஷத்துக்கு விட்டது. சந்திர கிரகணத்துக்கு மூன்று யாமம், அதாவது 9 மணி நேரம் முன்பிருந்தே அன்னம் தண்ணீர் ஆகாது என்பது சாஸ்திரம். ஆக, பகல் 1 மணிக்கு வாயை மூடின கர்ப்பிணி, இரவு ஒன்றரைக்குத்தான் திறக்கலாம். பன்னிரண்டரை மணி நேரம்! செப்டம்பர் மாதத்துக் காரைக்கால் புழுக்கத்தில், ஜன்னல் சாத்திய அறையில், இரண்டு உயிருக்குத் தண்ணீர் இல்லை. அந்த அறைக்குள் அவளுக்கு மயக்கம் வந்தால் அதற்கு இராகு பொறுப்பா, பூட்டினவர் பொறுப்பா?

பிளவு உதட்டோடு பிறந்த குழந்தைக்குச் செய்ய வேண்டியது வேறு. அண்ணமும் பிளந்திருந்தால் குழந்தையால் தாய்ப்பாலை உறிஞ்ச முடியாது, புரையேறும். தாய்ப்பாலைப் பீச்சி, குழந்தையைத் தலை நிமிர்த்தி வைத்து, நம் வீட்டுப் பாலாடையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். உதட்டை மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் அறுவை செய்து சேர்க்கிறார்கள். 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் உதடு, அண்ணப் பிளவுக்கு இலவச சிகிச்சை உண்டு; அரசாங்க ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காட்டினால் வழி சொல்லுவார்கள். திருநள்ளாற்றுக்குப் பரிகாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

திருநள்ளாறு என்றதும் ஞாபகம் வருகிறது. நம் மாவட்டத்துக்கே பெருமை சேர்ப்பதாக ஒரு புளுகு பல வருஷமாக உலவுகிறது: அமெரிக்காக்காரன் விட்ட செயற்கைக்கோள் திருநள்ளாற்றுக் கோயிலுக்கு நேராக வரும்போது மூன்று விநாடி நின்றுவிடுகிறதாம். பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் மணிக்குச் சுமார் 27,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால்தான் கீழே விழாமல் இருக்கிறது. ஓட்டம் நின்றால் விழவேண்டியதுதான். மூன்று விநாடி நின்றதாகச் சொல்லுகிறவர்கள் மறுபடி அதைத் தள்ளி ஸ்டார்ட் செய்தவர் யார் என்றும் சொல்லவேண்டும் அல்லவா? இந்தக் கதைக்கு வயது நூறுகூட இல்லை, புராணத்தோடு சேர்ந்துவிட்டது. பழைய கதைகள் எப்படிப் பிறந்திருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் வேறு எங்கும் போக வேண்டாம், இதைப் பார்த்தால் போதும்.

கதைகள் எப்படி ஊர் ஊராகப் பரவின என்பதிலும் இரகசியம் ஒன்றுமில்லை. சோழர் காலத்தில் நம் பக்கத்து நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய நாட்டரசன் பேரால் பௌத்த விகாரையே கட்டப்பட்டது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கப்பல் போன காலம். துணிமூட்டையும் நெல்மூட்டையும் ஏறின கப்பலில் இராகுவும் ஏறியிருப்பான். துறவிகளோடு திபெத்துக்கும் மங்கோலியாவுக்கும்கூட நடந்தே போயிருக்கிறான். ஆனால் சீனத்து நாயும் விசயத் தீவின் கடற்பாம்பும் நம்மிடம் கடன் வாங்கினவை அல்ல. அங்கங்கே இருந்த ஜனங்கள் ஒரே காட்சியைக் கண்டார்கள்: முழுதாக இருந்த நிலாவில் ஒரு கடி. கடி என்றால் கடிக்கிற வாய் வேண்டும்; அவரவர் ஊரில் பயந்த வாயை அவரவர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் அதற்குமேல் தெரிய வழியில்லை. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. வழி தெரிந்த பின்னும் அதே வாயைக் காட்டிப் பிழைக்கிறவர்களைத்தான் சொல்லுகிறோம்.

திருப்பதி மலைக்கோயிலைக் கிரகணத்துக்குச் சாத்துகிறார்கள். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள காளஹஸ்திக் கோயிலைச் சாத்துவதில்லை. இராகு கேது ஸ்தலம் என்று அன்றைக்குத்தான் அபிஷேகமும் கூட்டமும் அதிகம். ஒரே நாளில் ஒரு கடவுளுக்குத் தீட்டு, ஒரு கடவுளுக்கு வசூல். இராகு காலத்தின் கதையும் இப்படித்தான். நமக்குப் புதன்கிழமை இராகு காலம் பகல் 12 முதல் 1½ வரை. தாய்லாந்தில் இராகுவுக்கு விட்டிருப்பது புதன்கிழமைப் பொழுது சாய்ந்த பிறகு. இதில் எதை நம்பிக் கடையைச் சாத்துவது?

பெண்களுக்கு விரோதமாகக் கதை கட்டுவதில் ஆசியா முழுவதும் ஒரே குடும்பம் என்பதற்கு ஜப்பான் நல்ல சாட்சி. நம்மைப் போல அவர்களுக்கும் 60 வருஷச் சக்கரம் உண்டு. அதில் 'நெருப்புக் குதிரை' என்ற வருஷத்தில் பிறந்த பெண் புருஷனை விழுங்குவாள் என்று ஒரு நம்பிக்கை. நம் ஊர்ச் செவ்வாய் தோஷத்துக்கும், மாமனாருக்கு ஆகாது என்று தள்ளும் மூல நட்சத்திரத்துக்கும் ஒன்றுவிட்ட அக்காள். 1965-ல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் சுமார் 18 லட்சம். நெருப்புக் குதிரை வருஷமான 1966-ல் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம். மறுவருஷம் 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ரயிலும் ரேடியோவும் செய்து உலகத்துக்கு விற்ற நாட்டில், ஒரு குதிரைக்குப் பயந்து நாலு லட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகள் ஒரே வருஷத்தில் குறைந்தன! படிப்பு வந்தால் மூடநம்பிக்கை தானாகப் போய்விடும் என்று நம்பிக் கைகட்டி உட்கார்ந்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் மறுபடி வருவது 2026.

இனி, முன்னோர் சொன்னது எல்லாம் பொய்யா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. அதற்கு நம் கடலே பதில் வைத்திருக்கிறது.

2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள். காலை 6 மணி 29 நிமிஷத்துக்குச் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் அலை நம் கரைக்கு வந்தது. காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டு போயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் நம்மிடம் இருந்தது. ஓடு என்று சொல்ல ஓர் ஆள்தான் இல்லை. பூமியைத் தாங்கும் ஆதிசேஷன் சொல்லவில்லை. ஜப்பான்காரன் பூமிக்கடியில் வைத்திருக்கும் பெரிய கெளுத்தி மீனும் சொல்லவில்லை. 1855-ல் எடோ நகரம் பூகம்பத்தில் இடிந்தபோது அந்தக் கெளுத்தி மீன் படம் அச்சடித்து விற்றார்களே தவிர, மீன் யாரையும் காப்பாற்றவில்லை.

ஆனால் சுமத்திராவுக்கு அருகிலேயே, அதிர்ச்சி பிறந்த இடத்துக்கு வெகு பக்கத்தில், சிமெலுவே என்று ஒரு தீவு இருக்கிறது. ஜனத்தொகை அப்போது சுமார் 78,000. அலை சில நிமிஷங்களில் வந்தது. இறந்தவர்கள் ஏழு பேர். காரணம், 1907-ல் அதே தீவில் இப்படி ஓர் அலை வந்து ஏராளமான ஜனங்களை அழித்தது; பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, பிள்ளைக்கும் பேரனுக்கும் சொல்லி வைத்தார்கள்: பூமி பலமாகக் குலுங்கி, கடல் உள்வாங்கினால், சாமான் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. தொண்ணூற்றேழு வருஷம் கழித்து அந்தப் பாட்டி கதை ஊரையே காப்பாற்றிற்று.

இந்தக் கதைக்கும் இராகு கதைக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். ஸ்மோங் கதையில் அசுரன் கிடையாது, பரிகாரம் கிடையாது, தட்சிணை கிடையாது, யார் செய்த பாவம் என்ற விசாரணையும் கிடையாது. கண்ணால் கண்டதைச் சொல்லி, காலால் செய்ய வேண்டியதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறது. நம் மண்டபத்தூர் மீனவர்களிடமும் இப்படிப்பட்ட அறிவு மூட்டை மூட்டையாக இருக்கிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு திக்குக் காற்றுக்கும் பெயர் வைத்து, எந்தக் காற்றில் எந்த மீன், அமாவாசை பௌர்ணமிக்கு நீர் எப்படி ஏறும் என்று சொல்லுகிறார்களே, அது ஒவ்வொரு நாளும் கடலில் பரீட்சைக்குப் போகும் அறிவு. தப்பாயிருந்தால் அன்றைக்கு வலை காலி. சோழகத்தைச் சோதித்துச் சோதித்து அறிந்த அதே மனிதர், இராகுவை மாத்திரம் சோதிக்காமல் ஒப்புக்கொள்வது ஏன் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை. ஐதராபாத்தில் 2007 அக்டோபரில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் அமைத்தார்கள். ஜப்பானிலும் அதே மாதந்தான் பூகம்ப முன்னெச்சரிக்கையைப் பொதுஜனங்களுக்கெல்லாம் திறந்துவிட்டார்கள். ஆதிசேஷனும் கெளுத்தி மீனும் ஏககாலத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்கள்.

சோதனை என்றதும் உலக்கை விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். கிரகண நேரத்தில் தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கை தானாக நிற்கும் என்று பல ஊர்களில் நிறுத்திப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். ஜாவாவிலும் கிரகணத்துக்கும் உலக்கைக்கும் உறவு உண்டு; ஆனால் அங்கே நிறுத்துவதில்லை, வெறும் உரலில் இடித்து ஓசை எழுப்பி அசுரனை விரட்டுவார்கள். நம் உலக்கையின் அடியில் பூண் தட்டையாக இருக்கிறது. கை நடுங்காமல் நேராக வைத்தால் எந்த நாளும் நிற்கும். கிரகணமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அதுவும் இராகு காலத்தில், நம் தெருவில் நாலு உலக்கையை நிறுத்திக் காட்டினோம். மூன்று நின்றது. நாலாவதின் பூண் தேய்ந்து சாய்ந்திருந்தது. அது கிரகணத்தன்றும் நிற்காது.

ஜாவாவில் 1983 ஜூன் 11 முழுச் சூரிய கிரகணத்தின்போது, கண் போய்விடும் என்று சொல்லி, வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று அரசாங்கமே ஜனங்களை உள்ளே அடைத்தது. அதே இந்தோனேசியாவில் 2016 மார்ச்சு 9 கிரகணத்தைப் பார்க்க ஊர் ஊராகத் திருவிழாக் கூட்டம் கூடிற்று. முப்பத்து மூன்று வருஷத்தில் அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? ஒன்று மாத்திரம் கவனம். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் கண் உண்மையாகவே கெடும். அதற்குரிய கண்ணாடி வேண்டும். அது இராகுவால் அல்ல, வெயிலால். சந்திர கிரகணத்துக்கு அந்தப் பயம் துளியும் இல்லை. கண் உள்ளவர் யாரும், எவ்வளவு நேரமும் பார்க்கலாம். சாஸ்திரமோ இரண்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டுவிட்டது.

2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம். நம் நாட்டு நேரப்படி 10 மணி 22 நிமிஷத்துக்கு உச்சம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிலா செம்பு நிறமாக இருக்கும். பாங்காக்கிலும், பாலியிலும், சீனாவிலும், கொரியாவிலும் அதே நிலாதான். மேகம் வழிவிட்டால் மண்டபத்தூர் கரையில் பாய் போட்டு உட்கார்ந்து பார்க்கப் போகிறோம். சோறும் மீன் குழம்பும் கிரகணம் பிடித்த பிறகே இலையில் விழும். கர்ப்பமான பெண்களுக்கு முன் வரிசை. மாமியார்கள் கூடவே வந்து பக்கத்தில் உட்காரலாம். மீன் நறுக்கக் கத்தியும் அரிவாள்மனையும் கொண்டு வருகிறவர்கள் தங்கள் பெயரை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.